கால் சுற்று தள்ளி வைத்த தட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் இசைத்தட்டு சேகரிப்போர் சங்கத் தலைவர் அவர்களே. எனக்கு முன் பேசிய பெரியோரே. எங்கள் பட்டறையின் தோழர்களே. முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாமா அவர்களே. கடைசி வரிசையில், வாசலை ஒட்டிய நாற்காலியில், எழுந்து போக வசதியாக உட்கார்ந்திருப்பவரே. எல்லோருக்கும் என் வணக்கம்.

எங்கள் தலைமைப் பொறியாளர் மெதுவக்கா இறந்து இரண்டு வாரம் ஆகிறது.

இந்த மண்டபத்தில் ஆறு மின்விசிறிகள் ஓடுகின்றன. இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை 'டிக்' என்கிறது. இதுவரை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இனிமேல் கவனிப்பீர்கள், மன்னிக்கவும். அக்கா இங்கே இருந்திருந்தால் ஏணி கேட்டிருப்பார். கூட்டம் முடியட்டும் அக்கா என்று யாராவது தடுத்திருப்போம். "அதுவரைக்கும் அது பேசிட்டே இருக்கும், நான் எப்படி மத்தவங்க பேசுறதைக் கேக்குறது?" என்று சொல்லியிருப்பார்.

ஏணி கேட்க ஆளில்லை. விசிறி ஓடுகிறது.

அவருடைய வேலையை அறியாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உறவினர்கள், தெருக்காரர்கள், மாமாவுடன் வேலை செய்யும் ஓட்டுநர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளை நாங்கள் செய்கிறோம். ஆண்டுக்கு நாற்பது. அதற்கு மேல் முடியாது. பதினொரு கிலோ எடையுள்ள ஓர் உலோகத் தட்டு. அது நின்று சுழல ஒரு தண்டு. தண்டின் அடியில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் எஃகுக் குண்டு. மொத்த எடையும் அந்தக் குண்டின் தலையில். சுற்றிலும் சில சொட்டு எண்ணெய். மற்றபடி நாங்கள் செய்வதெல்லாம், சத்தம் போடாதே என்று அந்தக் குண்டிடம் கெஞ்சுவதுதான்.

எந்தச் சத்தம்? இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடுகிறது. பள்ளத்தின் வளைவு நெளிவுதான் பாட்டு. தண்டு நடுங்கினால், அந்த நடுக்கத்தையும் பாட்டென்று நினைத்து ஊசி பாடிவிடும். பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல். பக்கத்து வீட்டில் யாரோ கட்டிலை நகர்த்துவது போல. பலருக்குக் கேட்காது. மெதுவக்காவுக்குக் கேட்கும்.

அவர் மருத்துவர்கள் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப் ஒன்றை வைத்திருந்தார். இயந்திரத்தின் அடிவயிற்றில் அதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்ததும் ஒரே சொல்தான் சொல்வார். "ஒண்ணுமில்லை." எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஒன்றுமில்லை என்று அவர் வாயால் கேட்பதற்காக ஏழு பேர் மாதக்கணக்கில் உழைப்போம்.

மெதுவக்கா என்ற பேர் எப்படி வந்தது? அந்தப் பதினொரு கிலோ தட்டை யார் தூக்கினாலும், எத்தனை முறை தூக்கினாலும், "மெதுவா" என்பார். பத்தாயிரம் முறை சொல்லியிருப்பார். வீட்டிலும் அப்படித்தானா என்று அவர் கணவரிடம், அதாவது மாமாவிடம், ஒருமுறை கேட்டேன். "என் பஸ்ல ஏறி வேகமா ஓட்டுறீங்கன்னு சொன்ன ஒரே பயணி அவதான்" என்றார் மாமா. "அதுவும் வண்டி ஸ்டாப்புல நிக்கும்போது."

அந்த வீட்டில் டர்ன்டேபிள் கிடையாது. இது பலருக்கு வியப்பாக இருக்கும். சமையலறை அலமாரியில் ஒரு சின்ன ரேடியோ. கொரகொரவென்று பாடும். இதைச் சரி செய்யக் கூடாதா அக்கா என்று கேட்டேன். "வீட்ல ஒண்ணாவது என்கிட்ட அபிப்பிராயம் கேக்காம பாடட்டும்" என்றார்.

இனி நான் பேச வந்ததைப் பேசுகிறேன்.

சற்று முன் தலைவர் அவர்கள் ஒரு கடிதத்தை வாசித்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் மெதுவக்கா எழுதியது. எங்கள் இயந்திரத்துக்காகக் காத்திருந்த எல்லோருக்கும் அனுப்பியது. 'தண்டில் குறை இல்லை. நாங்கள் சோதனைக்கு ஓட்டும் இசைத்தட்டில் குறை. அதைத் தண்டின் குறை என்று அளந்து சொன்னது நான். செய்தவர் கையில் பிழை இல்லை. இதை அவரிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்லக் கூடாது என்பதால் ஒரு நாள் தாமதித்தேன்.' கீழே கையெழுத்து.

இன்று இந்த மேடையில் நான்கு பேர் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசினார்கள். தன் தவற்றைத் தானே ஊருக்குச் சொன்னவர் என்றார்கள். இப்படியொரு நேர்மையை எங்கே காண்போம் என்றார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

அளந்தது மெதுவக்கா அல்ல. நான்.

பட்டறையில் என் பேர் டெசிபல். அளவெடுப்பது என் வேலை. கடைசி வரிசையில் இருப்பவர் வைத்த பேர் அது. அவரை நாங்கள் லேத்து அண்ணன் என்போம். எங்கள் பட்டறைக்கு எதிர்ப்பக்கம், ஒற்றை ஷட்டர் போட்ட அறையில் ஒரு லேத் மெஷினும் அவரும் மட்டும். ஒன்பது ஆண்டுகள் எங்கள் தண்டுகள் எல்லாவற்றையும் கடைந்து கொடுத்தவர். மெதுவக்காவும் அவரும் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும். "என்ன மெது, இன்னிக்கு உன் காது என்ன சொல்லுது?" "உங்க லேத்துக்கு வயசாயிடுச்சாம்ணே." "லேத்துக்கா எனக்கா?" "ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணெய்தானே போடுறீங்க." தினமும் இதே மாதிரி. இருவருமே சிரிக்க மாட்டார்கள். அதுதான் அவர்கள் சிரிப்பு.

புதிய இயந்திரம் ஒன்று செய்தோம். தட்டின் எடை கூடியது, தண்டும் தடித்தது. லேத்து அண்ணன் முதல் தண்டைக் கடைந்து அனுப்பினார். நான் சோதித்தேன்.

எப்படிச் சோதிப்போம்? பாட்டே இல்லாத ஓர் இசைத்தட்டு இருக்கிறது. வெற்றுத்தட்டு. பள்ளம் மட்டும் இருக்கும். அதை ஓட்டினால் எந்த ஒலியும் வரக் கூடாது. வந்தால் அது இயந்திரத்தின் ஒலி. பக்கத்து அச்சகம் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும் முக்கால் மணி நேரம்தான் எங்களுக்கு அமைதி. அந்த நேரத்தில் ஓட்டி, கருவியில் ஒலியின் அலைப்படம் எடுப்பேன். முறை பிசகாமல் இருக்க எனக்கென்று ஒரு விதி வைத்திருந்தேன். உலோகத் தட்டில் சாக்பீஸால் ஒரு குறி. வெற்றுத்தட்டின் லேபிள் எழுத்து எப்போதும் அந்தக் குறிக்கு நேராக நிற்க வேண்டும். ஒருநாளும் மாறக் கூடாது. அந்த ஒழுங்கில் எனக்குப் பெருமை.

படத்தில் உறுமல் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை, சாக்பீஸ் குறியைத் தாண்டியதும், அதே இடத்தில். தண்டு கோணல் என்று எழுதினேன். மெதுவக்கா ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். "உங்க காதுக்கு எட்டாதுக்கா. கருவிக்கு எட்டும்" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "இருக்கும்" என்றார்.

தண்டைக் கழித்து ஒதுக்கினோம். இரண்டாவது வந்தது. அதே உறுமல், அதே இடம். மூன்றாவது. நான்காவது. வெற்றுத்தட்டைப் பழைய இயந்திரத்தில் போட்டுப் பார்த்தேன், அதிலும் லேசாக அதே இடத்தில் இருந்தது. எனக்கு அது கூடுதல் சான்றாகத் தெரிந்தது. இரண்டையும் கடைந்தது ஒரே ஆள் அல்லவா?

தண்டைக் கழித்தால் அண்ணனுக்கு ஒரு சோதனைச் சீட்டு மட்டும் போகும். படம், கீழே தட்டச்சு செய்த ஒரு வரி. யார் பேரும் இருக்காது. 'சோதனை அறை' என்று மட்டும் இருக்கும். ஒன்பதாவது தண்டு வந்தபோது மெதுவக்கா வெளியூரில் இருந்தார். ஒரு வீட்டில் இயந்திரத்தைப் பொருத்திக் கொடுக்கப் போயிருந்தார். எனக்கு எரிச்சல். ஒன்பதாவது சீட்டின் அடியில் இப்படித் தட்டச்சு செய்தேன்.

'கருவி பொய் சொல்லாது. கையைச் சோதிக்கவும்.'

முப்பது ஆண்டு லேத் ஓட்டிய ஒருவருக்கு. யாரென்று பேர் போடாமல்.

பத்தாவது தண்டு வரவில்லை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஊரிலிருந்து திரும்பிய மெதுவக்கா என் சீட்டின் நகலைப் படித்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "உன் படம் உண்மைன்னா நான் செவிடு. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டுதான் அவர் முன்னாடி போவேன். வெறுங்கையோட போய் என்ன சொல்றது?" அவ்வளவுதான் சொன்னார். வேறொரு பட்டறையில் தண்டு கடையச் சொன்னோம். அதிலும் உறுமல். மோட்டாரை மாற்றினோம். பெல்ட்டை மாற்றினோம். மேசையின் கால்களுக்கு அடியில் மணல் பெட்டி வைத்தோம். இன்னொரு இரண்டு மாதம்.

கண்டுபிடித்தது யார் தெரியுமா? பொறியாளர்கள் யாரும் இல்லை. பேருந்து ஓட்டுநர். முன்வரிசையில் இருக்கும் மாமா.

ஒருநாள் மதியம் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தார். நாங்கள் ஒரு வயரைத் தேடிக்கொண்டிருந்தோம். மாமா வெற்றுத்தட்டை எடுத்து லேபிளைப் படித்தார். "இது என்ன பாட்டு?" "பாட்டு இல்லைங்க அதுல" என்றார் அக்கா. "பாட்டு இல்லாத ரெக்கார்டா? ஆளே ஏறாத ரூட்டுல நான் வண்டி ஓட்டுற மாதிரியா?" என்று சொல்லிக்கொண்டே மறுபடி இயந்திரத்தின்மேல் வைத்துவிட்டார். நான் படம் எடுத்தேன். உறுமல் இடம் மாறியிருந்தது. கால் சுற்று தள்ளி வந்தது.

"யாரு தட்டைத் தொட்டது?" என்று கத்தினேன்.

"நான்தாம்மா. பேரைப் படிச்சேன். உடைக்கலை."

"குறிக்கு நேரா வைக்கணும் மாமா, தலைப்பக்கம் மேல வர்ற மாதிரி."

"வட்டமா இருக்கு. வட்டத்துக்கு ஏதும்மா தலை, ஏது கால்?"

மெதுவக்கா கையிலிருந்த வயரைக் கீழே வைத்தார். மெதுவாக. தட்டை இன்னொரு கால் சுற்று திருப்பி வைக்கச் சொன்னார். உறுமல் அதனுடன் போனது. இன்னொரு கால் சுற்று. கூடவே போனது.

தண்டு உறுமியிருந்தால் உறுமல் சாக்பீஸ் குறியோடு நின்றிருக்கும். அது தட்டோடு போனது என்றால் உறுமியது தட்டு. அந்தத் தட்டில் பள்ளம் வெட்டிய இயந்திரம், என்றோ, எங்கோ, வெட்டும்போதே உறுமியிருக்கிறது. அந்த உறுமல் பள்ளத்தில் பதிந்துவிட்டது. இன்னொரு இயந்திரத்தின் நோயை எங்கள் தண்டின் நோய் என்று நான் மாதக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ஒருநாள், ஒரே ஒருநாள் நான் ஒழுங்கில்லாமல் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

மெதுவக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்டுபிடித்த மகிழ்ச்சி முகத்தில் இல்லை. "ஒன்பது தண்டு" என்றார். "ஒன்பது தண்டு கடைஞ்சாரு அந்த மனுஷன்."

அன்று மாலை கடிதத்தை எழுதினார். 'அளந்து சொன்னது நான்' என்று அவர் எழுதியிருந்ததைப் பார்த்து, அக்கா இது சரியில்லை என்றேன். "நீ வந்து ரெண்டு வருஷம்கூட ஆகலை. அளவெடுக்கிறவளுக்கு அளவு தப்புன்னு பேர் வந்துட்டா அப்புறம் அவ எதை அளந்தாலும் யாரும் நம்ப மாட்டாங்க. எம் பேரு கொஞ்சம் தாங்கும். அதோட, காதுல கேக்கலைன்னு தெரிஞ்சும் நான் உன்னைத் தடுக்கலை. அதுல என் பங்கும் இருக்கு."

நான் இரண்டாம் முறை மறுக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறைதான் மறுத்தேன்.

மறுநாள் அவர் தெருவைத் தாண்டி லேத்து அண்ணனிடம் போனார். நான் ஷட்டருக்கு வெளியே நின்றேன். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே கடிதத்தைப் படித்தார். பிறகு கேட்டார்.

"நீயா அளந்தே?"

"ஆமாண்ணே."

"காதுல கேட்டியா?"

அக்கா தரையில் கிடந்த இரும்புச் சீவலைக் காலால் ஒதுக்கினார்.

"காதுல கேக்காம நீ எதையும் எழுத மாட்டியே மெது. ஒன்பது வருஷத்துல நீ ஒரு நாளும் கருவியை நம்பினது இல்லை. என் விஷயத்துல மட்டும் நம்பிட்டியா?" அவர் குரல் உயரவில்லை. "அந்தக் கடைசி வரி? கையைச் சோதிக்கவும். அதுவும் நீதானா?"

நான் ஷட்டருக்கு வெளியே, மூன்றடி தூரத்தில். வாய் இருந்தது எனக்கு. கால் இருந்தது.

"ஆமாண்ணே. அதுவும் நான்தான்."

லேத்து அண்ணன் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். "நேர்ல வந்து உன் கை சரியில்லைன்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். சரி, போ. மனசுல வச்சுக்கலை. ஆனா தண்டு இனிமே வேற யாரையாவது கடையச் சொல்லு. உங்களுக்குன்னு லேத்துல வச்சா என் கையையே நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

திரும்பி வரும்போது தெரு நடுவில் கேட்டேன். அந்த வரியையும் ஏன் அக்கா? "பழியில பாதியை மட்டும் எடுத்துக்கிட்டு மீதியை உன்னதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? நீயே ஒரு நாள் அவர்கிட்ட சொல்லுவே. அதுவரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்."

அதுவரைக்கும். மூன்று ஆண்டுகள் அவரிடம் இருந்தது.

ஒரே தெரு. எதிரெதிர்க் கதவு. மெதுவக்கா தினமும் காலையில் அந்த ஷட்டரைப் பார்த்து ஒரு விநாடி நிற்பார். "உங்க லேத்துக்கு வயசாயிடுச்சா" என்று கேட்க மாட்டார். உள்ளே தண்ணீர் பம்பு பாகங்கள் கடையும் சத்தம் வரும். அதைக் கேட்டுவிட்டு உள்ளே வருவார். ஒருமுறை சொன்னார், "டூல் மழுங்கியிருக்கு. கவனிக்காம ஓட்டுறாரு." அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்கு அது கேட்டது. போய்ச் சொல்லத்தான் வழியில்லை.

மருத்துவமனையில் பதினொரு நாட்கள் இருந்தார். ஐந்தாவது நாள், மாமா மருந்து வாங்கப் போயிருந்தபோது, என்னை அருகே அழைத்தார். "சொல்லிட்டியா?" என்று கேட்டார். எதை என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னும் இல்லக்கா."

"சரி" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "மெதுவா."

மெதுவாக. நான் எவ்வளவு மெதுவாகப் போனேன் என்று கேளுங்கள். ஏழாவது நாள் ஷட்டர்வரை போனேன். லேத் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போது பேச முடியாது என்று திரும்பினேன். ஒன்பதாவது நாள் போனேன். லேத் நின்றிருந்தது. ஓய்வெடுக்கிறார், தொந்தரவு செய்யக் கூடாது என்று திரும்பினேன். பதினோராம் நாள் மாலை மாமாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

அன்புக்குரியவர்களே, ஒருவர் இறந்த பிறகு உண்மையைச் சொல்வதில் என்ன துணிச்சல் இருக்கிறது? ஒன்றுமில்லை. எனக்குத் தெரியும். இதைக் கேட்டால் அவருக்கு நிம்மதி என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள மாட்டேன். அவருக்கு இனி எதுவும் கேட்காது. உலகத்திலேயே நல்ல காது அது. அது கேட்கும்போது நான் பேசவில்லை.

ஆனால் இந்த மண்டபத்தில் இன்னொருவருக்குக் கேட்கும்.

லேத்து அண்ணே. அந்த வரியை எழுதியது நான். மெதுவக்கா உங்களை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. முதல் தண்டிலிருந்து அவர் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதை அவர் சொன்னார், நான் ஏற்கவில்லை. நீங்கள் கேட்டீர்களே, என் விஷயத்தில் மட்டும் கருவியை நம்பிவிட்டாயா என்று. இல்லை அண்ணே. உங்கள் விஷயத்தில் அவர் கருவியை நம்பவே இல்லை. அந்தப் பதில் அவரிடம் இருந்தது. உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்திருப்பீர்கள். எனக்காகச் சொல்லாமல் இருந்தார்.

போன வாரம் பட்டறையில் அவருடைய அலமாரியைத் திறந்தோம். கீழ்த்தட்டில் ஒன்பது பொட்டலங்கள். எண்ணெய் தோய்த்த துணியில் சுற்றிய உங்கள் ஒன்பது தண்டுகள். பழைய இரும்போடு போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. வெற்றுத்தட்டை நான்கு பக்கமும் திருப்பி வைத்து எடுத்த நான்கு அளவுகள், அவர் கையெழுத்தில். கீழே ஒரே வரி, ஒன்பது சீட்டிலும். 'கேட்டேன். ஒன்றுமில்லை.' அதற்கும் கீழே அவர் பேர்.

ஆகவே எங்கள் பட்டறையின் சார்பில் இந்தச் சபையின் முன் சொல்கிறேன். மெதுவக்காவின் வேலை தொடரும். வெற்றுத்தட்டு இனி நான்கு பக்கமும் திருப்பி வைக்கப்படும். கருவி ஒன்றைச் சொல்லி காது இன்னொன்றைச் சொன்னால், காது பேசி முடிக்கும்வரை எந்தச் சீட்டும் வெளியே போகாது. பேர் இல்லாத சீட்டு இனி அந்த அறையிலிருந்து வராது. பேர் போட்ட முதல் சீட்டை நானே கொண்டு வந்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ஒன்பதாவது சீட்டின் நகல். 'கையைச் சோதிக்கவும்' என்ற வரிக்குக் கீழே இன்று காலை என் பேரை எழுதினேன். டெசிபல் என்று அல்ல, வீட்டில் வைத்த பேரை.

அக்கா விட்டுச் சென்ற கடைசி இயந்திரம் மேசைமேல் தண்டில்லாமல் இருக்கிறது. என் கையிலிருக்கும் இந்த ஒன்பதாவது தண்டு அதற்குப் பொருந்தும். பொருத்தலாமா வேண்டாமா என்று கடைந்தவர்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொன்னாலும் எனக்குப் புரியும்.

இன்னும் சற்று நேரத்தில் தலைவர் அவர்கள் நம்மை மௌன அஞ்சலிக்கு எழச் சொல்வார். அந்த மௌனத்தின் அடியில் என்னுடைய உறுமல் இருக்கக் கூடாது என்றுதான் இவ்வளவும் பேசினேன். பொறுமையாகக் கேட்டீர்கள். மாமாவும் அவர் மகளும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தலைவர் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

இந்தத் தண்டையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு நான் மேடையிலிருந்து இறங்குகிறேன். நீங்கள் உட்கார்ந்திருங்கள், லேத்து அண்ணே. இந்த முறை நான் வருகிறேன்.